வீட்டில் நாலைந்து இறைச்சி ஆடு வளர்க்க எந்த இனம்? புதியவர்களுக்குப் படிப்படியாக

ஆடு வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: எந்த இனம் அதிக எடை வரும்? நானும் அதைத்தான் கேட்டேன். நூறு கிலோ தாண்டிய ஒரு போயர் கிடாவின் படத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு பெட்டையும் ஒரு கிடாவும் வாங்கி வந்தேன். முதல் மழைக்காலம் முடிவதற்குள் ஒரு பெட்டை போய்விட்டது. தீனி எடுத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் தாடைக்கு அடியில் பை போல நீர் கோர்த்திருந்தது, கண் இமையைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே வெள்ளைத்தாள் மாதிரி வெளுத்துக் கிடந்தது. குடற்புழு உள்ளேயே இரத்தத்தை உறிஞ்சித் தீர்த்திருக்கிறது, எனக்கு அது தெரியவே இல்லை. போயர் மோசமான இனம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. என்னுடைய தாழ்வான, ஈரம் நிற்கிற மேய்ச்சலுக்கும் எனக்கு அன்று இருந்த அனுபவத்துக்கும் அது பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

அதனால் கேள்வியை இப்படி மாற்றிக்கொள்ளுங்கள்: என் இடத்தில், என்னால் கொடுக்க முடிகிற தீவனத்தில், நான் பக்கத்தில் இல்லாத ராத்திரியிலும் தானாகக் குட்டி ஈன்று, நக்கி எழுப்பி, பால் கொடுத்து, பால் மறக்கும் வரை குட்டியை உயிரோடு கொண்டுவந்து சேர்க்கிற பெட்டை எது? சின்ன மந்தைக்கு இனம் தேர்வு செய்வது என்றால் இந்தப் பெட்டையைத் தேடுவதுதான். கிடா, எடை, நிறம் எல்லாம் அப்புறம்.

முதல் படி: இனப் பெயரைத் தேடும் முன் உங்கள் இடத்தைப் பாருங்கள்

ஒரு தாளில் நாலு விஷயம் எழுதுங்கள். மழை முடிந்து எத்தனை நாளில் தரை காய்கிறது. ஆடு எட்டிக் கடிக்கிற உயரத்தில் செடி, புதர், மரத்தழை இருக்கிறதா, இல்லை வெறும் குட்டைப் புல்தானா, அல்லது எல்லாமே வெட்டிப் போட வேண்டியதா. ஒரு நாளைக்கு உண்மையில் எவ்வளவு நேரம் ஆட்டோடு இருக்க முடியும் (ஆசைப்படுகிற நேரத்தை எழுத வேண்டாம்). கடைசியாக, இறைச்சி யாருக்கு, உங்கள் வீட்டுக்கா, விற்கவா.

இதில் முதல் கேள்விதான் மிக முக்கியம். வெள்ளாட்டை அதிகம் கொல்வது இரத்தம் உறிஞ்சும் வயிற்றுப்புழு. அதன் முட்டை புழுக்கையோடு வெளியே வந்து, பொரிந்த இளம்புழு ஈரத்தில் நீந்திப் புல்லின் அடிப்பகுதியில் ஏறி நிற்கும். பெரும்பாலும் தரையிலிருந்து நாலு விரல் உயரத்துக்குள். வெள்ளாடு இயல்பிலேயே தலையைத் தூக்கித் தழை கடிக்கிற பிராணி, அதனால் புழுவை எதிர்க்கும் சக்தி அதற்கு செம்மறியைவிடக் குறைவு. தழை இருக்கிற இடத்தில் இது பெரிய பிரச்சினை ஆகாது. குட்டைப் புல்லில் தலையைக் குனிய வைத்து மேய விட்டால் அது புழுவைத்தான் தின்னும். காய்ந்த பூமி, புதர்க்காடு என்றால் எந்த இனத்தையும் யோசிக்கலாம். ஈரம் நிற்கிற புல்தரை என்றால் பாதி இனங்களை இப்போதே பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள்.

வெட்டிப் போட்டுக் கொட்டிலில் வளர்க்கப் போகிறீர்கள் என்றால் ஒரு வளர்ந்த ஆட்டுக்குக் குறைந்தது 10 சதுர அடி வேண்டும், சினையாட்டுக்கும் குட்டி போட்டதற்கும் அதைவிடக் கூடுதலாக. தரை காய்ந்து இருக்க வேண்டும், முடிந்தால் பரண் (புழுக்கை கீழே விழும்படி இடைவெளி விட்டு உயர்த்திப் போட்ட தளம்) போடுங்கள். அடைத்து வைத்தால் எல்லா இனமும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. அது கீழே வரும்.

இரண்டாவது படி: எடையைக் கிலோவில் பார்க்காமல் தீவனத்தில் பாருங்கள்

இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருஷம் ஆனது. ஆடு ஒரு நாளைக்குத் தன் உடல் எடையில் சுமார் 3 முதல் 4 சதவீதம் உலர்பொருள் தின்னும், அதாவது தண்ணீரைக் கழித்துவிட்டுப் பார்க்கும் தீவன எடை. 80 கிலோ பெட்டைக்கு ஏறக்குறைய 2.8 கிலோ. 35 கிலோ பெட்டைக்கு 1.2 கிலோ போதும். பச்சைத் தழையில் முக்கால் பங்கு தண்ணீர் என்பதால், வெட்டிச் சுமக்கிறவருக்கு இது நாலு மடங்காகத் தெரியும்.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த 80 கிலோ பெட்டை ஒற்றைக் குட்டி போட்டு, மூன்று மாதத்தில் 20 கிலோ குட்டியாகத் தருகிறது. 35 கிலோ பெட்டை இரட்டைக் குட்டி போட்டு, பத்துப் பத்துக் கிலோவாக இரண்டு குட்டி தருகிறது. கையில் வந்தது இரண்டிலும் அதே 20 கிலோ, ஆனால் சின்ன ஆடு தின்றது பாதிக்கும் குறைவு. பெரிய ஆடும் இரட்டைக் குட்டி போட்டு இரண்டையும் காப்பாற்றினால் கதை மாறிவிடும், அது உண்மைதான். அதற்கு அது தினமும் வயிறு நிறையத் தின்ன வேண்டும், தீவனம் குறைந்த மாதங்களில் முதலில் மெலிவதும் அதுவே.

ஆகவே ஒரு இனத்தைப் பற்றி விசாரிக்கும்போது ‘கிடா எவ்வளவு எடை வரும்’ என்று கேட்காதீர்கள். எத்தனைக்கு இரட்டைக் குட்டி, எத்தனை குட்டி பால் மறக்கும் வரை பிழைக்கிறது, இரண்டு ஈற்றுக்கு நடுவே எத்தனை மாதம் என்று கேளுங்கள். சினைக்காலம் எல்லா இனத்துக்கும் சுமார் 150 நாள்தான், மறுபடி எப்போது சினை பிடிக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

மூன்றாவது படி: இனங்கள்

எல்லா இனத்தையும் சொல்லப் போவதில்லை. புதியவர்கள் அதிகம் கேள்விப்படுகிறவற்றை மட்டும், என் அபிப்பிராயத்தோடு சொல்கிறேன்.

போயர் தென்னாப்பிரிக்காவின் இனம். அங்குள்ள விவசாயிகள் இறைச்சிக்காகவே பொறுக்கிப் பொறுக்கி வளர்த்தது, 1959இல் அதற்கென வளர்ப்போர் சங்கமும் அமைத்தார்கள். வெள்ளை உடல், செம்பழுப்புத் தலை, தொங்கு காது, அகன்ற நெஞ்சு. கிடா 110 கிலோவைத் தாண்டும், நல்ல தீவனத்தில் குட்டி ஒரு நாளைக்கு 200 கிராம் வரை ஏறும். சதைப்பிடிப்பில் இதற்கு ஈடு இல்லை. ஆனால் அந்த வளர்ச்சி தீவனத்தின் மேல் நிற்கிறது, இனம் உருவானதும் வறண்ட புதர்நிலத்தில். அமெரிக்காவில் டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்தில் போயர், கிகோ, ஸ்பானிஷ் (கடைசி இரண்டும் கீழே வரும்) மூன்று இனங்களையும் ஈரப்பதம் மிகுந்த மேய்ச்சலில் ஒரே மாதிரிப் பராமரிப்பில் பல வருஷம் வைத்துப் பார்த்தார்கள். மந்தையில் நீடித்து நின்றதிலும் குட்டியைப் பிரிக்கும் வரை வளர்த்ததிலும் மற்ற இரண்டும்தான் முந்தின. போயர் பெட்டைகளுக்கே மருந்து அதிகம் தேவைப்பட்டது. என் கொட்டிலில் நடந்ததும் அதேதான் என்று அதைப் படித்தபோது புரிந்தது. காய்ந்த நிலம், நல்ல தீவனம், கவனிக்க ஆள், இந்த மூன்றும் இருந்தால் போயர் வாங்குங்கள். ஒன்று குறைந்தாலும் பெட்டையாக வேண்டாம்.

கிகோ நியூசிலாந்தில் உருவானது. மாவோரி மொழியில் அந்தப் பெயருக்குச் சதை, இறைச்சி என்றுதான் பொருள். காட்டில் தானாகத் திரிந்த பெட்டைகளோடு பால் இனக் கிடாக்களைச் சேர்த்து, குளம்பு வெட்டாமல், பெரிதாக மருந்து கொடுக்காமல், பிழைத்து வளர்ந்ததை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அதனால்தான் குட்டி பிறந்த உடனே எழுந்து மடியைத் தேடும், தாய் தானே பார்த்துக்கொள்ளும். போயர் போல உருண்டு திரண்டு இருக்காது, பார்வைக்கு ஒல்லியாகத் தெரியும். ஈரமான இடத்தில் இருப்பவர், வேலைக்குப் போய் வருகிறவர், இது கிடைக்கிற இடத்தில் இருந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

ஸ்பானிஷ் ஆடு என்பது 1500களில் ஸ்பானியர்கள் அமெரிக்கக் கண்டத்துக்குக் கொண்டுபோனவற்றின் வழித்தோன்றல். நூற்றாண்டுகளாகத் தானாகத் தேறி நின்றது, மடி சின்னதாகக் கட்டாக இருக்கும், புதரில் மாட்டிக் கிழியாது.

மயோடோனிக் ஆடு, திடுக்கிட்டால் தசை இறுகி விறைத்து விழும் இனம். அது மயக்கம் இல்லை, தசை தளர்வதைத் தாமதப்படுத்தும் ஒரு மரபுக் கூறு, ஆட்டுக்கு நினைவு தெளிவாகவே இருக்கும். சதை நன்றாகப் பிடிக்கும், வேலி தாண்டாது, அதனால் சின்ன இடத்துக்கு வசதி. நாய், நரி வரும் இடத்தில் வைக்காதீர்கள், ஓட வேண்டிய நேரத்தில் விறைத்து நிற்கும்.

சின்ன உடம்பு இனங்களில் கருப்பு வங்காள ஆடு சீக்கிரம் பருவத்துக்கு வரும், இரட்டைக் குட்டி சாதாரணம், மூன்றும் போடும். பெட்டை 20 கிலோ அளவில்தான் இருக்கும். வீட்டுத் தேவைக்கு மட்டும் என்றால் இப்படிச் சின்ன ஆடு எவ்வளவு வசதி என்பதைப் பெரிய ஆட்டோடு மல்லுக்கட்டினவர்களுக்குத்தான் தெரியும்: ஒருவரே பிடிக்கலாம், அறுத்தால் இறைச்சி மிஞ்சாது. குறை என்னவென்றால் மூன்று குட்டி போட்டால் பால் பற்றாது, நீங்கள் புட்டியை எடுக்க வேண்டியிருக்கும். பார்பாரியும் சின்னதுதான், நிமிர்ந்த காது, வெள்ளையில் பழுப்புப் புள்ளி. தெருவும் வீடும் நெருங்கிய ஊர்களில் கட்டியே வளர்க்கப்பட்ட இனம் என்பதால் கொட்டிலுக்கு நன்றாக அடங்கும். இதற்கு நேர் எதிர் ஜமுனாபாரி. உயரம், வளைந்த மூக்கு, நீளக் காது, பார்க்கக் கண்கொள்ளாத அழகு. ஆனால் தாமதமாகப் பருவத்துக்கு வரும், ஒற்றைக் குட்டியே அதிகம், நடந்து தழை கடிக்க இடம் கேட்கும். அடைத்து வளர்க்க இதை வாங்கி ஏமாந்தவர்கள் நிறைய.

தலைச்சேரி ஆடு நடுத்தர உடம்பு, இரட்டைக் குட்டிக்குப் பெயர் பெற்றது, பரணில் வளர்க்கவும் ஒத்துவரும். கன்னி ஆடு, கொடி ஆடு, சேலம் கருப்பு இவை மூன்றும் வறட்சியைத் தாங்கி நெடுந்தூரம் நடந்து மேய்ந்து பழகியவை. வெயிலும் காய்ந்த பூமியும் உள்ள இடத்தில் இந்தப் பெட்டைகளைக் குறைவாக நினைக்காதீர்கள். மேய்ச்சல் நிலம் இல்லாமல் நாலு சுவருக்குள் வைத்தால் மட்டும் அவற்றின் பலம் வீணாகிவிடும்.

எந்தப் பெயரைத் தேர்ந்தாலும், நீங்கள் இருக்கிற தட்பவெப்பத்தில் நாலைந்து தலைமுறையாகப் பிறந்து வளர்ந்த மந்தையிலிருந்து வாங்குவது இனப் பெயரைவிட முக்கியம். ஒரே இனத்துக்குள்ளேயே புழுவைத் தாங்குவதில் ஆட்டுக்கு ஆடு பெரிய வித்தியாசம் உண்டு, அது மரபு வழியாகக் குட்டிக்கும் போகும்.

நாலாவது படி: சதையைக் கிடா வழியாகக் கொண்டுவாருங்கள்

இடத்துக்குப் பழகிய பெட்டைகளை வைத்துக்கொண்டு, சதைப்பிடிப்பு வேண்டும் என்றால் கிடாவை மட்டும் போயர் மாதிரி கனத்த இனத்தில் சேருங்கள். முதல் கலப்பில் பிறக்கும் குட்டி தாயின் தாக்குப்பிடிக்கும் குணத்தோடும் தந்தையின் வளர்ச்சியோடும் வரும், கலப்பு வீரியம், அதாவது இரண்டு இனம் கலப்பதால் குட்டிக்கு வரும் கூடுதல் வலு, முழுதாக இருப்பதும் இந்த முதல் தலைமுறையில்தான்.

ஒரு எச்சரிக்கை உண்டு. 20 கிலோ பெட்டையின் மேல் 100 கிலோ கிடாவை விடாதீர்கள். குட்டி பெரிதாகி ஈனும்போது சிக்கும், முதல் ஈற்றுப் பெட்டையானால் தாயும் போகும். பெட்டை தன் முழு எடையில் மூன்றில் இரண்டு பங்கை எட்டும் வரை எந்தக் கிடாவோடும் சேர்க்க வேண்டாம், பருவம் அதற்கு முன்பே வந்தாலும் சரி.

கலப்புக் குட்டிகளையெல்லாம் இறைச்சிக்கே அனுப்பிவிட்டால் நாளைய தாயாடு எங்கிருந்து வரும்? நாலு பெட்டை வைத்திருப்பவருக்கு இது நிஜமான சிக்கல். நான் செய்வது, இருக்கிறதில் சிறந்த ஒரு பெட்டையை மட்டும் அதே இனக் கிடாவோடு சேர்த்து, அதன் பெட்டைக் குட்டியைத் தாய்க்கு மாற்றாக வளர்ப்பது.

சொந்தக் கிடா வேண்டுமா? ஒரு கிடா 25 பெட்டைக்குப் போதும், உங்களிடம் இருக்கப் போவது மூன்று நாலுதான். அதற்குத் தனி வேலி, வருஷம் முழுக்கத் தீனி, கூடவே பருவ காலத்தில் அந்த வாடை. பக்கத்தில் நம்பிக்கையான மந்தை இருந்தால் கிடாவை வாங்காமல், பெட்டையை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்து வாருங்கள். அங்கே கருச்சிதைவோ தோல் நோயோ இருந்ததா என்று முதலில் கேட்டுவிடுங்கள். செயற்கைக் கருவூட்டலும் வழிதான், ஆனால் 21 நாளுக்கு ஒருமுறை வரும் பருவத்தைச் சரியாகக் கண்டுபிடிக்கும் பழக்கம் வேண்டும், அது ஒரு நாள், ஒன்றரை நாள்தான் நிற்கும். சொந்தக் கிடா வைத்தால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், இல்லையென்றால் தன் மகளையே சினைப்படுத்தும்.

கொம்பு பற்றி ஒரு விஷயம், பலருக்குத் தெரியாதது. பிறவியிலேயே கொம்பு இல்லாத கிடாவையும் கொம்பு இல்லாத பெட்டையையும் சேர்த்தால், பிறக்கும் பெட்டைகளில் சில ஆணுமின்றிப் பெண்ணுமின்றி மலடாகப் பிறக்கும். இரண்டில் ஒன்றுக்குக் கொம்பு இருக்கட்டும்.

ஐந்தாவது படி: ஆட்டை நேரில் பார்த்து எடுப்பது

இங்கே அவசரம் வேண்டாம். மந்தையில் நுழைந்ததும் நீங்கள் வாங்கப் போகிற ஆட்டைப் பார்க்காமல், விற்காமல் வைத்திருக்கிற கிழட்டுப் பெட்டைகளைப் பாருங்கள். ஏழெட்டு வயதில் நல்ல உடம்போடு குட்டியை இழுத்துக்கொண்டு நிற்கிற பெட்டை இருந்தால் அந்த மந்தையில் நம்பி வாங்கலாம். தரையில் புழுக்கை உருண்டை உருண்டையாகக் கிடக்கிறதா, பின்தொடையில் கழிச்சல் ஒட்டியிருக்கிறதா, அதையும் கவனியுங்கள்.

அப்புறம் ஆட்டைப் பிடித்து வாயைத் திறந்து பாருங்கள். கீழ்த்தாடையில் முன்பற்கள் எட்டு, மேலே பல் இருக்காது, ஈறு மெத்தைதான். எட்டும் பால்பல் என்றால் ஒரு வயதுக்குள். நடு இரண்டு பெரிய பல்லாக மாறியிருந்தால் ஒன்றிலிருந்து ஒன்றரை. நாலு என்றால் இரண்டு வயது அளவில், ஆறு மூன்றுக்கு, எட்டும் நிறைந்தால் நாலு. இரண்டு பல் அல்லது நாலு பல் பெட்டை, ஒரு ஈற்று முடிந்தது கிடைத்தால் அதுதான் புதியவருக்கு ஏற்றது, அது எப்படிப்பட்ட தாய் என்பது ஏற்கெனவே தெரிந்திருக்கும். கீழ்ப்பற்கள் அந்த மெத்தையில் சரியாக உட்கார வேண்டும், முன்னே துருத்தினாலும் உள்ளே போனாலும் மேய்வது கஷ்டம்.

கீழ் இமையைத் திருப்புங்கள், நல்ல சிவப்பாக அல்லது அடர் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். இதற்கென்றே தென்னாப்பிரிக்காவில் ஃபமாச்சா என்று ஐந்து நிற அட்டை உருவாக்கினார்கள், 1 சிவப்பு, 5 வெளிறியது. 4, 5 உள்ள ஆட்டை வாங்காதீர்கள். மடியைக் கையால் தடவிப் பாருங்கள், கட்டி, ஒரு பக்கச் சுருக்கம், குட்டியின் வாயில் அடங்காத தடித்த காம்பு இவை கூடாது. போயரில் பக்கத்துக்கு இரண்டு காம்பு இருப்பது சகஜம், அது குறை இல்லை, ஆனால் இரண்டும் தனித்தனியாக, குட்டி பிடிக்கிற மாதிரி இருக்க வேண்டும். கிடா என்றால் விதை இரண்டும் சமமாக, கெட்டியாக. தாடையிலும் கழுத்திலும் சீழ்க்கட்டியின் தழும்பு இருந்தால் அந்த மந்தையையே விட்டுவிடுங்கள்.

கடைசியாக நடக்கவிட்டுப் பாருங்கள். நடை சரியில்லாத ஆடு எந்த இனமானாலும் வேண்டாம்.

ஒன்றை மட்டும் வாங்காதீர்கள். தனியாக விட்டால் கத்திக்கொண்டே இருக்கும், தீனி எடுக்காது. மூன்று பெட்டையில் ஆரம்பியுங்கள், அதுவும் ஒரே மந்தையிலிருந்து.

ஆறாவது படி: வந்த முதல் மாதம்

ஏற்கெனவே ஆடு இருந்தால் புதியதை 30 நாள் தள்ளி வையுங்கள். பழைய இடத்தில் தின்ற தீவனத்தைக் கொஞ்சம் கேட்டு வாங்கி வந்து, பத்துப் பதினைந்து நாளில் மெல்ல மாற்றுங்கள். திடீரென்று தானியம் கொட்டினால் வயிறு புளித்து, துள்ளுமாரி என்ற குடல் நச்சு நோய் வந்து ஒரே ராத்திரியில் செத்துக் கிடக்கும், அதுவும் நன்றாகத் தின்கிற குட்டியாகப் பார்த்து. துள்ளுமாரிக்கும் ஆட்டுக்கொல்லி நோய்க்கும் தடுப்பூசி உண்டு, கால்நடை மருத்துவரிடம் கேட்டு முதல் மாதத்திலேயே முடித்துவிடுங்கள். புழுக்கையைச் சோதித்துப் பார்த்துவிட்டுப் புழு மருந்து கொடுங்கள். எல்லாவற்றுக்கும் மாதாமாதம் ஊற்றினால் மருந்துக்கு மசியாத புழுதான் மிஞ்சும். காலையில் பனி காய்ந்த பிறகு அவிழ்த்துவிடுங்கள், புல் ஒரு சாண் உயரத்துக்குக் குறைந்தால் இடத்தை மாற்றுங்கள்.

ஏழாவது படி: ஒரு நோட்டு

ஒவ்வொரு பெட்டைக்கும் ஒரு பக்கம். ஈன்ற தேதி, எத்தனை குட்டி, எத்தனை பிழைத்தது, மூன்று மாதத்தில் குட்டிகளின் மொத்த எடை, தாய்க்கு எத்தனை முறை மருந்து. தொங்கு தராசு ஒன்று போதும். இரண்டாவது ஈற்று முடிந்ததும் அந்த எடையைத் தாயின் எடையால் வகுத்துப் பாருங்கள். தன் எடையில் பாதிக்கு மேல் குட்டியாகத் தந்த பெட்டையின் மகளை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஈற்றிலும் கைகொடுத்தே ஈன்ற பெட்டை, வருஷத்துக்கு மூன்று முறை இமை வெளுத்த பெட்டை, குட்டியை உதைத்துத் தள்ளின பெட்டை, இவற்றை எவ்வளவு அழகாக இருந்தாலும் அனுப்பிவிடுங்கள். எனக்கு மிகவும் பிடித்த, கூப்பிட்டால் ஓடி வருகிற சிவப்புத் திட்டு உள்ள ஒரு பெட்டையை அப்படித்தான் அனுப்பினேன். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அடுத்த மழைக்காலத்தில் ஒரு குட்டிகூடச் சாகவில்லை.